பள்ளிக்கூடத்திலேயே பாதி காலேஜ் படிப்பு! லாபமா, நஷ்டமா?

17 வயதுப் பையன். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பை இப்போதுதான் முடிக்கிறான். ஆனால், அதற்குள் காலேஜ் பட்டம் ஒன்றும் வாங்கிவிட்டான்!

கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் உள்ள டெக்சாஸ் மாநிலத்தில் இப்படிப்பட்ட மாணவ–மாணவிகள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். 4 ஆண்டுப் பட்டப் படிப்பில் பாதியை, பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே முடித்தவர்கள் இவர்கள்.

2 ஆண்டு மிச்சம். 2 ஆண்டுச் சம்பளமும் மிச்சம். கேட்கவே இனிக்கிறது!

ஆனால், இவர்களில் சிலர் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்த பிறகு திகைத்து நிற்கிறார்கள். "நீ படித்தது எல்லாம் சரி. ஆனால், நீ வாங்கப் போகும் பட்டத்துக்கு இதில் பாதிதான் கணக்கில் சேரும்" என்று அங்கே சொல்லிவிடுகிறார்கள்.

பையன் சரியாகப் படிக்கவில்லையா? படித்தான். பாசும் செய்தான். பிறகு ஏன் இந்த நிலை?

படிப்பில் குறை இல்லை. திட்டத்தில்தான் குறை.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள் பெரியவர்கள். பணத்துக்கு மட்டும் அல்ல, படிப்புக்கும் அது பொருந்தும்.

பொதுப் பாடம்

தமிழ்நாட்டில் ஒரு மாணவன் இயற்பியல் பட்டத்துக்குச் சேர்ந்தால், முதல் ஆண்டிலேயே அவனுக்கு இயற்பியல்தான் முக்கிய பாடம். மொழிப் பாடமும் துணைப் பாடமும் உடன் வரும். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் முறை வேறு. என்ஜினீயர் ஆகப் போகிறவனும் சரித்திரம் படிக்க வேண்டும். சரித்திரப் பட்டம் வாங்கப் போகிறவளும் விஞ்ஞானம் படிக்க வேண்டும். கட்டுரை எழுதும் பயிற்சி, கணக்கு, விஞ்ஞானம், சமூக இயல், இலக்கியம், கலை என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்த பிறகுதான் பட்டம் கிடைக்கும். இவற்றுக்குத்தான் "பொதுப் பாடங்கள்" என்று பெயர்.

"ஒரு தொழிலை மட்டும் தெரிந்தவன் முழுப் படிப்பாளி ஆகமாட்டான். நாட்டின் குடிமகனாக வாழவும் அவன் கற்றுக்கொள்ள வேண்டும்" என்பதே இதன் அடிப்படை. இந்தக் கருத்தை வலியுறுத்தி 1945–ம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கக் காலேஜ்கள் பலவற்றுக்கு அது வழிகாட்டியாக அமைந்தது.

கிரெடிட் கணக்கு

அமெரிக்காவில் படிப்பை "கிரெடிட்" என்ற அளவால் அளக்கிறார்கள். வாரத்துக்கு 3 மணி நேரம் வீதம் ஒரு பருவம் முழுவதும் ஒரு பாடத்தைப் படித்துப் பாஸ் செய்தால், 3 கிரெடிட் கிடைக்கும்.

4 ஆண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். அதாவது, சுமார் 40 பாடங்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுப் பாடம்.

இந்த மூன்றில் ஒரு பங்கைத்தான் மாணவர்கள் பள்ளிக்கூடத்திலேயே முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சற்று ஒப்பான மாறுதல் ஒன்று நடந்தது. முன்பு 11–வது வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள், காலேஜில் ஓர் ஆண்டு பி.யூ.சி. படித்தார்கள். 1978–ம் ஆண்டில் "பிளஸ்–2" வந்தது. பி.யூ.சி. போய்விட்டது. காலேஜில் படித்ததைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தார்கள்.

ஆனால், அது அரசாங்கம் எல்லோருக்குமாகச் செய்த மாறுதல். எந்தப் பெற்றோரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியது இல்லை. அமெரிக்காவிலோ, எந்தப் பாடத்தை எப்போது எப்படி முடிப்பது என்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கணக்குப் போட வேண்டி இருக்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மூன்று வழிகள்

பள்ளிக்கூடத்தில் இருந்தபடியே காலேஜ் கிரெடிட் வாங்க முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, "ஏ.பி." என்று அழைக்கப்படும் "அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்". காலேஜ் தரத்தில் உள்ள பாடத்தைப் பள்ளிக்கூட ஆசிரியரே நடத்துவார். ஆண்டுதோறும் மே மாதத்தில் நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சை. மார்க்கு 1 முதல் 5 வரை. 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பல காலேஜ்கள் கிரெடிட் கொடுக்கும்.

இந்தப் பரீட்சை 1956–ம் ஆண்டில் தொடங்கியது. அப்போது எழுதியவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். 2024–ம் ஆண்டில் எழுதியவர்கள் சுமார் 30 லட்சம் பேர்!

இரண்டாவது வழி, "டூயல் கிரெடிட்". ஒரே பாடத்துக்குப் பள்ளிக்கூடத்திலும் மார்க்கு, காலேஜிலும் கிரெடிட். பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் மாணவன் பெயர் பதிவாகும். இதில் ஒரே நாள் பரீட்சையை நம்பி இருக்க வேண்டியது இல்லை. பருவம் முழுவதும் எழுதிய கட்டுரை, தேர்வு எல்லாம் சேர்ந்துதான் மார்க்கு. 2022–23–ல் அமெரிக்கா முழுவதும் சுமார் 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படிக் காலேஜ் பாடம் படித்தார்கள்.

மூன்றாவது வழி, "கிளெப்" பரீட்சை. வகுப்புக்கே போக வேண்டாம். வீட்டில் படித்துவிட்டுப் போய் எழுதலாம். 20 முதல் 80 வரை மார்க்கு. பொதுவாக 50 வாங்கினால் பாஸ்.

பண லாபம் எவ்வளவு?

2024–25–ம் ஆண்டில், சொந்த மாநிலத்து அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவனுக்கு ஓர் ஆண்டுச் சம்பளம் அமெரிக்காவில் சராசரி 11,610 டாலர். விடுதிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் இதில் சேரவில்லை.

ஓர் ஆண்டுக்கு 30 கிரெடிட். வகுத்துப் பார்த்தால், ஒரு கிரெடிட்டுக்கு 387 டாலர். 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 1,161 டாலர்.

அதே பாடத்துக்கு ஏ.பி. பரீட்சை எழுத 2025–ம் ஆண்டில் கட்டணம் 99 டாலர். ஏழை மாணவர்களுக்குச் சலுகையும் உண்டு.

99 எங்கே, 1,161 எங்கே! ஒரு குடும்பம் இந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்ப்பதில் தவறே இல்லை. தகப்பனாரின் கடன் சுமை குறைந்தால் நல்லதுதானே!

ஆனால், அந்தக் கிரெடிட் கணக்கில் சேர்ந்தால்தான் இது லாபம். சேராவிட்டால் 99 டாலரும் நஷ்டம். ஓர் ஆண்டு உழைப்பும் நஷ்டம்.

டெக்சாஸ் பட்டியல்

டெக்சாஸ் அரசாங்கக் காலேஜ்களில் பொதுப் பாடத்துக்கு 42 கிரெடிட். அது எப்படிப் பிரிகிறது?

எழுத்து, பேச்சுப் பயிற்சிக்கு 6. கணக்கு 3. விஞ்ஞானம் 6. இலக்கியம், தத்துவம், பண்பாடு 3. கலை 3. அமெரிக்கச் சரித்திரம் 6. அரசாங்கம், அரசியல் 6. சமூக இயல் 3. காலேஜ் தன் விருப்பப்படி வைக்கும் பாடம் 6. ஆக மொத்தம் 42.

ஒவ்வொன்றையும் ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால் எளிதில் புரியும். 9 பெட்டிகள். எல்லாப் பெட்டியும் நிறைய வேண்டும். ஒரு பெட்டியில் நிரம்பி வழிந்தாலும், அடுத்த பெட்டி காலியாக இருந்தால் பட்டம் கிடைக்காது.

இந்த விஷயத்தில் டெக்சாஸ் அரசாங்கம் சில நல்ல ஏற்பாடுகளைச் செய்து இருக்கிறது. ஓர் அரசாங்கக் காலேஜில் 42 கிரெடிட்டையும் முடித்துவிட்டால், அதே மாநிலத்தில் உள்ள வேறு எந்த அரசாங்கப் பல்கலைக்கழகமும் அதை மொத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஏ.பி. பரீட்சைக்கும் 2015–ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. காலேஜின் தொடக்கநிலைப் பாடங்களுக்கு 3 மார்க்குக்கு மேல் கேட்கக்கூடாது, கேட்டால் அதற்குத் தக்க ஆதாரம் காட்ட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

பாடங்களுக்குப் பொது நம்பரும் உண்டு. கட்டுரைப் பயிற்சிக்கு "ஆங்கிலம் 1301" என்று பெயர். முதல் எண் 1 என்றால் முதல் ஆண்டுப் பாடம். அடுத்த எண் 3 என்றால் 3 கிரெடிட். இதைத் தெரிந்துகொண்டால், எழுதப் படிக்கத் தெரிந்த எந்தத் தாயாரும் மகனுடைய பாடப் பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடலாம்.

இவ்வளவு வசதி இருந்தும் எங்கே தவறு நேருகிறது?

ஏமாற்றும் கணக்குப் பாடம்

முதல் தவறு, கணக்குப் பாடத்தில்.

ஒரு மாணவனுக்கு என்ஜினீயர் ஆக ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் "காலேஜ் அல்ஜீப்ரா" சொல்லிக் கொடுக்கிறார்கள். அது "கணிதம் 1314". படித்துப் பாஸ் செய்கிறான். பொதுப் பாடத்தில் கணக்குப் பெட்டி நிறைந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஆனால், என்ஜினீயர் பட்டத்துக்குத் தேவை "கால்குலஸ்". அது "கணிதம் 2413". காலேஜில் சேர்ந்த பிறகு அதை எப்படியும் படித்தே தீர வேண்டும். கால்குலசே கணக்குப் பெட்டியையும் நிரப்பிவிடும். அப்படியானால், முன்பு வாங்கிய 3 கிரெடிட்டால் பட்டத்துக்கு என்ன பயன்? அல்ஜீப்ரா கற்ற அறிவு வீண் அல்ல. ஆனால், பட்டத்துக்கு உரிய 120–ல் அது ஓர் எண்ணைக்கூடக் குறைக்கவில்லை.

நர்சு ஆக விரும்பும் மாணவிக்கு வேறு கணக்கு. அவளுக்குப் பெரும்பாலும் புள்ளியியல் வேண்டும். விஞ்ஞானப் பெட்டிக்கு அவள் பூமியியல் படித்தால் பெட்டி நிறையும். ஆனால், உடலின் அமைப்பையும் அது வேலை செய்யும் முறையையும் பற்றிய பாடங்களைப் பிறகு தனியே படித்தாக வேண்டும்.

ஆக, பெட்டி நிறைவது வேறு, பட்டம் நெருங்குவது வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள்தான் லாபம் அடைகிறார்கள்.

எல்லை தாண்டினால் செல்லாது

இரண்டாவது தவறு, மாநிலத்தை மறப்பது.

டெக்சாஸ் சட்டம் டெக்சாஸ் எல்லையோடு நிற்கிறது. அதுவும் அரசாங்கக் காலேஜ்களுக்கு மட்டும்தான். தனியார் காலேஜ்களும் வெளி மாநிலக் காலேஜ்களும் தங்கள் இஷ்டப்படி செய்யலாம்.

டெக்சாஸ் மாநில அரசாங்கத்தைப் பற்றிய பாடத்துக்கு அந்த மாநிலத்தில் தனி இடம் உண்டு. வெளி மாநிலத்தில் அதற்கு என்ன இடம்? "விருப்பப் பாடம்" என்று ஒரு மூலையில் வைப்பார்கள்.

பெயர் பெற்ற சில காலேஜ்கள் இன்னும் கண்டிப்பானவை. டார்ட்மவுத் காலேஜ், 2014–ம் ஆண்டில் சேர்ந்தவர்களில் இருந்து, ஏ.பி. பரீட்சைக்குக் கிரெடிட் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. நல்ல மார்க்கு வாங்கியவனை மேல் வகுப்பில் உட்கார வைக்கும். பட்டத்துக்கான கணக்கில் சேர்க்காது.

டாக்டர் படிப்புக்குப் போக விரும்புகிறவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சில மருத்துவக் கல்லூரிகள், ரசாயனம், உயிரியல் போன்ற பாடங்களுக்கு ஏ.பி. கிரெடிட்டை ஏற்பது இல்லை. "காலேஜ் வகுப்பில் உட்கார்ந்து படித்துவிட்டு வா" என்கின்றன.

ஒரே பெட்டிக்கு இரண்டு பாடம்

மூன்றாவது தவறு, ஒரே சரக்கை இரண்டு முறை வாங்குவது.

ஏ.பி. அமெரிக்கச் சரித்திரமும் டூயல் கிரெடிட் அமெரிக்கச் சரித்திரமும் நிரப்புவது ஒரே பெட்டியைத்தான். இரண்டையும் படித்தால் கிரெடிட் இரண்டு மடங்கு ஆகாது. உழைப்புதான் இரண்டு மடங்கு!

நான்காவது தவறு, மிகவும் ஆபத்தானது.

ஏ.பி. பரீட்சையில் மார்க்கு குறைந்தால், அதைக் காலேஜுக்கு அனுப்பாமல் இருந்துவிடலாம். டூயல் கிரெடிட்டில் அது நடக்காது. 15, 16 வயதில் வாங்கிய மார்க்கு, காலேஜ் பட்டியலில் நிரந்தரமாக ஏறிவிடும். பெயில் ஆனாலும் ஏறும். பாதியில் விட்டாலும் ஏறும். பிறகு அரசாங்க உதவிப் பணம் கேட்கும்போது, "இவன் ஒழுங்காகப் படித்து வருகிறானா?" என்று பார்ப்பார்கள். அப்போது இந்தப் பழைய பதிவும் முன்னே வந்து நிற்கும்.

அடுத்த வீட்டுப் பெண் 5 காலேஜ் பாடம் படிக்கிறாள் என்பதற்காகத் தன் பையனையும் 5 பாடத்தில் தள்ளிவிடும் பெற்றோர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹூஸ்டன், டல்லாஸ் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அங்குள்ள பெற்றோர்களில் பலர் இந்தியாவில் படித்தவர்கள். காலேஜில் எந்த ஆண்டு எந்தப் பாடம் என்பதை அவர்கள் படித்த காலத்தில் பல்கலைக்கழகமே முடிவு செய்தது. பிள்ளைகளுக்கோ அந்தப் பாதையைத் தாங்களே போட வேண்டி இருக்கிறது. நன்றாகப் படித்த பெற்றோருக்கும் இது புதுக் கணக்கு.

15 வயதில் காலேஜ் பாடமா?

"பள்ளிக்கூடத்தில் நடப்பது உண்மையான காலேஜ் பாடம்தானா? 15 வயதுப் பிள்ளைக்கு அதற்கு உரிய முதிர்ச்சி உண்டா?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். பொதுப் பாடம் என்பது சீக்கிரம் தொலைத்துவிட வேண்டிய சுமை அல்ல. ஒரு கருத்தை ஒழுங்காக எழுதுவது எப்படி, சொன்னதற்கு ஆதாரம் காட்டுவது எப்படி என்று கற்கும் இடம் அது. கட்டுரைப் பயிற்சியை அரைகுறையாக முடித்தவன், காலேஜில் மேல் வகுப்புக்குப் போனதும் தடுமாறுவான். கிரெடிட் கையில் இருக்கும், பயிற்சி இருக்காது.

ஆனால், அதற்காக வாசலை மூடிவிடுவது சரி ஆகாது. படிக்கக்கூடிய பிள்ளையைக் காத்திருக்க வைப்பதும் நஷ்டம்தான். காலேஜ் என்றால் என்ன என்றே அறியாத குடும்பத்தில் பிறந்த பிள்ளை, பள்ளிக்கூடத்திலேயே ஒரு காலேஜ் பாடத்தைப் பாஸ் செய்தால் என்ன ஆகும்? "என்னாலும் முடியும்" என்ற துணிவு வந்துவிடும். அதற்கு விலை ஏது?

ஆகவே, வாசல் திறந்து இருக்கட்டும். உள்ளே போகிறவர் கையில் விளக்கு இருக்கட்டும்.

விளக்கு யார் கையில்?

இப்போது விளக்கு யார் கையில் இருக்கிறது? காலேஜ் படித்த பெற்றோர்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்கு விஷயம் தெரியும். யாரைக் கேட்க வேண்டும் என்றும் தெரியும்.

மற்றவர்களுக்குப் பள்ளிக்கூட ஆலோசகர்தான் துணை. 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் சொல்கிறது. உண்மையில், நாட்டின் சராசரி 350–க்கும் அதிகம். அத்தனை பிள்ளைகளில் ஒவ்வொருவருடைய பெட்டிக் கணக்கையும் அவர் எப்படிப் பார்ப்பார்?

டெக்சாஸ் அரசாங்கம், ஏழைப் பிள்ளைகளுக்கு டூயல் கிரெடிட் பாடங்களை இலவசமாகக் கொடுக்க 2023–ம் ஆண்டில் சட்டம் கொண்டுவந்தது. இந்தத் திட்டத்தில் சேர்ந்த காலேஜ்களில், அந்தப் பிள்ளைகள் சம்பளம் கட்ட வேண்டியது இல்லை. பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால், இலவசமாகக் கிடைத்த பாடம் தவறான பாடமாக இருந்தால்? பணம் போகாது. காலம் போய்விடும். ஏழைக்குக் காலமும் பணம்தான்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2019–ல் வந்தது. டூயல் கிரெடிட் படிக்கும் மாணவன் 15 கிரெடிட் சேர்த்த பிறகு, தன் பட்டப் படிப்புத் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது அது.

நல்ல சட்டம்தான். ஆனால், வரும் நேரம் தப்பு!

15 கிரெடிட் என்றால் 5 பாடம். 5 பாடத்தைப் படித்து முடித்த பிறகு திட்டமா? வீட்டைக் கட்டிவிட்டு யாராவது மனை வரைபடம் போடுவார்களா?

முதல் பாடத்தில் பெயர் பதிவதற்கு முன்பே திட்டம் கையில் இருக்க வேண்டும். பெரிய புத்தகம் வேண்டாம். ஒரே ஒரு தாள் போதும். 9 பெட்டி. எந்தப் பாடம் எந்தப் பெட்டிக்கு, எந்தக் காலேஜில் செல்லும், எங்கே செல்லாது என்று எளிய வார்த்தையில் எழுதி இருக்க வேண்டும். வீட்டில் பேசும் மொழியில் இருந்தால் இன்னும் நல்லது. 9–வது வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அந்தத் தாளை அனுப்புவது பள்ளிக்கூடத்தின் கடமை ஆக வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

அந்தத் தாள் வரும் வரையில் பெற்றோர் சும்மா இருக்கலாமா? கூடாது.

பிள்ளை 9–வது வகுப்பில் இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். சேர விரும்பும் காலேஜ் ஒன்றை மட்டும் நினைக்காமல், மூன்றை எழுதுங்கள். எந்தப் பரீட்சைக்கு என்ன கிரெடிட் என்ற அட்டவணையைக் காலேஜ்கள் தங்கள் இணையதளத்தில் போட்டு இருக்கின்றன. மூன்றிலும் செல்லக்கூடிய பாடங்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை இன்ன தொழிலுக்குப் போவான் என்று தெரியாவிட்டால் கவலை வேண்டாம். கட்டுரைப் பயிற்சி, அமெரிக்கச் சரித்திரம் போன்ற பாடங்கள் அநேகமாக எந்தப் பட்டத்துக்கும் பயன்படும். டெக்சாசில் அரசாங்கம் பற்றிய பாடமும் அப்படியே. கணக்கும் விஞ்ஞானமும் மட்டும், தொழில் ஓரளவு தெரிந்த பிறகு எடுக்கட்டும்.

முதல் பருவத்தில் ஒரு காலேஜ் பாடம் போதும். அதில் நல்ல மார்க்கு வாங்கினால், அடுத்த பருவத்தில் இரண்டு. ஒரேயடியாக அகலக் கால் வைக்க வேண்டாம்.

பட்டியலும் அவ்வப்போது மாறும். பொதுப் பாடங்களைப் பல்கலைக்கழக நிர்வாகக் குழுக்கள் மறுபடியும் ஆராய வேண்டும் என்று 2025–ம் ஆண்டில் டெக்சாசில் ஒரு சட்டம் வந்து இருக்கிறது. ஆகவே, அண்ணன் காலத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு தம்பிக்குத் திட்டம் போடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை காலேஜைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

எத்தனை கிரெடிட் என்று பெருமை பேசுவதில் பயன் இல்லை. 60 கிரெடிட் சேர்த்து அதில் 30 வீணானவனைவிட, 30 சேர்த்து முப்பதும் கணக்கில் ஏறியவன் கெட்டிக்காரன். அவன் விளையாடவும் நேரம் இருந்திருக்கும், தூங்கவும் நேரம் இருந்திருக்கும்.

பிள்ளையின் உழைப்பு வீணாகாமல் காப்பது பிள்ளையின் வேலை அல்ல. அது பெரியவர்களின் வேலை. பெற்றோர், பள்ளிக்கூடம், அரசாங்கம் மூவருக்கும் அதில் பங்கு உண்டு. 15 வயதுப் பிள்ளை படிக்கட்டும். கணக்கைப் பெரியவர்கள் பார்க்கட்டும்!